எந்திரம் தின்ற விரலுக்கு என்ன விலை? நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் கையிழந்தவர்கள்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவர் வளர்ந்தது இந்த மலையில். 1870களில் அத்வைதானந்த சபையை அவர் தொடங்கியதும் இங்கேதான். இரட்டைமலை சீனிவாசன் 1890இல் சென்னைக்குப் போகும்வரை இந்த மலையில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தலித் அரசியல் வரலாற்றில் நீலகிரிக்கு இப்படி ஓர் இடம் உண்டு. ஆனால் இங்கே உழைத்த உடல்களின் வரலாறு பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. தேயிலை என்றாலே நம் எழுத்தாளர்களுக்குக் கொழுந்துக் கூடைதான் நினைவுக்கு வருகிறது. பி.எச். டேனியல் வால்பாறை அனுபவத்திலிருந்து 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று கொண்டுவந்த நாவலை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அட்டைக்கடி, கங்காணி, காய்ச்சல் எல்லாம் நமக்குத் தெரியும். கூடையில் ஏறிய கொழுந்து பாக்டரிக்குள் போன பிறகு என்ன நடக்கிறது என்பது நம் இலக்கியத்தில் அதிகம் வரவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் கைவிரலை, கையை, முழங்கை வரைக்கும் விட்டுவிட்டு வெளியே வந்தவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் எந்திரத்தைப் புரிந்துகொள்வோம். அதைப் புரிந்துகொள்ளாமல் சட்டத்தைப் பேசினால் ‘கவனமாக இருந்திருக்கலாமே’ என்ற பேச்சுக்கு நம்மிடம் பதில் இருக்காது.

கொழுந்து பாக்டரிக்கு வந்ததும் நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்றாடியால் காற்றை அடித்துப் பல மணி நேரம் வாட்டுகிறார்கள். வாடிய இலை ரோட்டர்வேனில் நசுங்கி, அங்கிருந்து சி.டி.சி. எந்திரத்துக்குப் போகிறது. நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான் சி.டி.சி. 1930 வாக்கில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் உருவாக்கிய முறை இது. இன்று நாம் கடையில் வாங்கும் குருணைத்தூள் எல்லாம் இதிலிருந்து வருவதுதான். எட்டு அங்குல விட்டமுள்ள இரண்டு எஃகு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உடம்பெல்லாம் கூர்மையாகப் பல் வெட்டியிருக்கும். இரண்டும் எதிரெதிராக உள்நோக்கிச் சுழலும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று, மற்றது 700 சுற்று என்பது பழைய கணக்கு. புதிய எந்திரங்கள் இன்னும் வேகம். இப்படி மூன்று நான்கு ஜோடிகளை வரிசையாக வைத்து, நடுவே பெல்ட் ஓடவிட்டு, இலையை மறுபடி மறுபடி வெட்டுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். எட்டு அங்குல உருளை நிமிடத்துக்கு 700 முறை சுற்றினால் அதன் மேற்பரப்பு நொடிக்கு ஏழு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆபத்து என்று மூளைக்கு எட்டி, கையை இழுக்கும் உத்தரவு தசைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி ஆகும். நல்ல உடல்நிலையில், தூங்கி எழுந்த மனிதருக்கே அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குள் பல் ஒன்றரை மீட்டர் கடந்துவிடும். விரல் நுனியிலிருந்து தோள் வரை ஒரு மனிதக் கையின் நீளம் அதில் பாதிதான். எனவே விரல் சிக்கிய பிறகு கவனம் என்ற ஒன்றுக்கு அங்கே வேலையே இல்லை. கை அங்கே போகாதபடி தடுப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

சரி, கை ஏன் அங்கே போகிறது? ஈரமான இலை ஒட்டும். வாயில் கட்டியாக நிற்கும். மழைக்குப் பின் கொழுந்து மலைபோல் குவியும் மாதங்களில் இன்னும் அதிகம் ஒட்டும். நிறுத்திச் சுத்தம் செய்தால் ஓட்டம் தடைப்படும். வாடிய இலை காத்திருந்தால் புளித்துத் தரம் போகும். தரம் போனால் குன்னூர் ஏலத்தில் விலை குறையும். ஆகவே ஓடும்போதே தள்ளிவிடு என்பது யாரும் எழுதிக் கொடுக்காத உத்தரவு. தடுப்பு மூடி இருந்தால் தள்ள முடியாது என்பதால் மூடி கழன்று சுவரோரம் சாய்ந்திருக்கும். இலைக்குள் குச்சியோ கல்லோ வந்தால் பல் உடையும். அதைப் பொறுக்கவும் கைதான் போகிறது. ஷிப்ட் முடிவில் உருளையைக் கழுவும்போது மெதுவாகச் சுழலவிட்டுத் துணியால் துடைப்பது இன்னொரு வழக்கம். துணி சிக்கினால் கை அதன் பின்னால் போகும்.

சமவெளித் தொழிற்சாலைகளில் இல்லாத ஓர் ஆபத்தும் இங்கே உண்டு. பகலில் பறித்த கொழுந்து வாடி முடிவது இரவில். அதனால் வெட்டும் வேலை பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் விரல் மரத்துப்போகும். ஸ்வெட்டர், மப்ளர், தலையில் சுற்றிய துண்டு இல்லாமல் நிற்க முடியாது. பெல்ட்டும் செயினும் முதலில் பிடிப்பது அந்த மப்ளர் நுனியைத்தான். ஓடும் எந்திரத்தை ஆராயவோ எண்ணெய் விடவோ வேண்டிய நேரத்தில், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளி மட்டுமே, நிர்வாகம் தந்த இறுக்கமான உடையில், அருகே போகலாம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொன்னது. ஆபத்தான பாகங்களை ஓட்டத்தில் இருக்கும்வரை வேலியிட்டு மூடியே வைக்க வேண்டும் என்றது 21ஆம் பிரிவு. இந்த இரண்டு பிரிவுகளையும் சட்டப்புத்தகத்தில் ஒருமுறை படித்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு சி.டி.சி. அறை வாசலில் நின்று பாருங்கள்.

எந்திரத்தின் வாயருகே நிற்பவர் யார் என்பதும் நம் கேள்வி. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் ஆலைகளைப் பற்றிப் பேசியபோது இதைத்தான் பிடித்தார். அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், எச்சில் தீட்டு என்று சொல்லித் தலித்துகளை நெசவுப் பிரிவுக்குள்ளேயே விடவில்லை. கூலி குறைந்த பிரிவுகளே அவர்களுக்கு மிஞ்சின. சாதி என்பது வேலைப் பிரிவினையோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அவர் சொன்னதற்கு அந்த ஆலையே சாட்சி. இங்கே கதை கொஞ்சம் வேறு. தேயிலையை வாயில் ஊற்றிச் சுவைத்துத் தரம் சொல்பவரும், டீ மேக்கரும், கணக்கரும் ஒரு பக்கம். விறகு தள்ளுபவர், தொட்டியில் இலை பரப்புபவர், சி.டி.சி.க்குத் தீனி போடுபவர் மறுபக்கம். இந்த மறுபக்கத்தில் நெடுங்காலமாக நின்றவர்களில் பலர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றப்பட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பறையர், பள்ளர், சக்கிலியர் எவ்வளவு பெரும்பகுதி என்பது இந்த அவைக்குத் தெரியும். இப்போது அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டதால், அந்த இடத்தில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் ஆதிவாசி இளைஞர்கள் நிற்கிறார்கள். எந்திரத்தின் வாய் மாறவில்லை, ஊட்டும் கைதான் மாறியிருக்கிறது.

இனி அடிபட்ட பிறகு நடப்பதைப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடிபடுவது ஒரு நொடி, அதற்குப் பிறகு நாற்பது வருடம் இருக்கிறது.

முதல் ஆறு மணி நேரம்

துண்டான விரலைத் திரும்ப ஒட்டவைக்க முடியும். கோவை கங்கா மருத்துவமனை இந்த வகைக் கை அறுவைக்கு நாடறிந்த இடம். ஆனால் நேரம் முக்கியம். தசை அதிகமுள்ள முன்கை குளிரூட்டப்படாமல் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் தாங்கும். விரலுக்குத் தசை இல்லாததால் இன்னும் அதிக நேரம் தாங்கும். துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள இன்னொரு பையில் வைக்க வேண்டும். பனிக்கட்டியிலோ தண்ணீரிலோ நேரடியாகப் போட்டால் திசு கெட்டுவிடும். இதை ஒவ்வொரு பாக்டரிச் சுவரிலும் எழுதி ஒட்டலாம். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கத்தி வெட்டிய விரல் வேறு, சி.டி.சி. பல் மென்ற விரல் வேறு. பின்னதில் ஒட்டவைக்க நரம்பும் குழாயும் மிஞ்சுவது அரிது. மிஞ்சிய கையையாவது எவ்வளவு நீளம் காப்பாற்றலாம் என்பதே அங்கே மருத்துவரின் வேலை. ஒரு கணு மிஞ்சினாலும் பிடிப்பு மிஞ்சும்.

கூடலூர்ப் பக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்குக் கை சிக்கினால் ஊட்டி 50 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கிருந்து கோவை என்றால் மறுபடி குன்னூர்க் கொண்டை ஊசி வளைவுகள். குன்னூர்க்காரருக்கு லாலி அரசு மருத்துவமனை பக்கம், ஆனால் நுண்ணறுவை வேண்டுமென்றால் அவரும் மேட்டுப்பாளையம் இறங்கித்தான் ஆக வேண்டும். இந்த நேரத்தில் கூட வரும் மேஸ்திரி மருத்துவமனைச் சீட்டில் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ‘வீட்டில் விறகு வெட்டும்போது’, ‘வழுக்கி விழுந்து’ என்று பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு எந்த நீதிமன்றத்திலும் அந்த ஒரு வரியோடுதான் சண்டை போட வேண்டும். விபத்துப் பதிவேட்டின் நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். நினைவு இருந்தால் அடிபட்டவரே சொல்லட்டும்: எந்த பாக்டரி, எந்த எந்திரம், எத்தனை மணி.

அடிபட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால் நிர்வாகம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் தர வேண்டும் என்றது தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு. இதில் ஓட்டை எங்கே என்று பார்க்கிறவர்களும் உண்டு. கட்டுப்போட்ட கையோடு ஆளை மறுநாள் மாலை அழைத்து வந்து, கேட்டருகே நாற்காலி போட்டு உட்காரவைத்து, செக்ரோலில் பெயர் ஏற்றிவிட்டால் 48 மணி நேரம் ஆகவில்லை. அரசாங்கக் கணக்கில் அந்த விபத்து நடக்கவே இல்லை. விபத்துப் புள்ளிவிவரங்களைக் காட்டி யாராவது நிலைமை முன்னேறியிருக்கிறது என்று சொன்னால் இந்த நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கவனக்குறைவு என்னும் கட்டுக்கதை

நம் ஆட்களே நம்புகிற பொய் ஒன்று உண்டு. ‘என் தப்புத்தான் சார், தூக்கக் கலக்கத்தில் கை போய்விட்டது, நான் எப்படி வழக்குப் போடுவது?’ பத்தில் எட்டு பேர் இதைத்தான் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது சட்டமாகவே இருந்தது. ஆபத்து தெரிந்து வேலைக்கு வந்தாய், உன் கவனக்குறைவும் சேர்ந்தது, இல்லாவிட்டால் உன் சக தொழிலாளியின் தவறு. ஆகவே முதலாளிக்குப் பொறுப்பில்லை என்று நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள். தொழிலாளர் போராட்டங்கள் அதை உடைத்தன. ஜெர்மனியில் 1884இலும் இங்கிலாந்தில் 1897இலும் வந்த சட்டங்கள், யார் தவறு என்ற கேள்வியையே தள்ளிவைத்தன. வேலையால், வேலை நேரத்தில் அடிபட்டதா? அப்படியானால் இழப்பீடு. இந்தக் கொள்கைதான் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக இந்தியாவுக்கு வந்தது. 2010இல் அதன் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது.

இந்தச் சட்டத்தில் கவனக்குறைவு ஒரு தற்காப்பே அல்ல. மூன்று விதிவிலக்குகள்தான் உண்டு. அந்த நேரத்தில் போதையில் இருந்தது, பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக்கருவி என்று தெரிந்தே அதை வேண்டுமென்று கழற்றியது. சாவோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இந்த மூன்றும்கூடச் செல்லாது. தூக்கக் கலக்கம் இந்தப் பட்டியலில் இல்லை. அவசரம் இல்லை. மறதி இல்லை. மூடியை யார் கழற்றியது, யார் பார்த்தும் பேசாமல் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டியது நிர்வாகம். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று கைகழுவவும் முடியாது. 12ஆம் பிரிவின்படி முதன்மை முதலாளியே கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

விரலின் விலைப்பட்டியல்

இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் கசாப்புக்கடைப் பலகைதான் நினைவுக்கு வரும். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் 14, அதன் ஒரு கணு 9. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையில் இரண்டு விரல் 20, மூன்று விரல் 30, நான்கு விரலும் போனால் 50. கை முழுதும் போனால் 60. முழங்கைக்கு மேலே போகப் போக 70, 80, தோளோடு என்றால் 90. வலக்கையா இடக்கையா என்று பட்டியல் பார்ப்பதில்லை.

பணமாகக் கணக்கிடுவோம். முப்பது வயதுக்காரர், மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலியில் 60 விழுக்காடு 7,200. முப்பது வயதுக்கு அட்டவணை தரும் பெருக்கெண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 14,97,456. நான்கு விரல் போயிருந்தால் அதில் பாதி: 7,48,728 ரூபாய். மூன்று விரல் என்றால் 4,49,237. நான்காவது விரல் முழுதாகப் போனதா, பாதி நிற்கிறதா என்பதில் மூன்று லட்சம் தொங்குகிறது. அதனால்தான் மருத்துவச் சான்றின் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். ‘விரல்களில் காயம்’ என்று எழுதிய சான்று யாருக்கும் உதவாது. இதே கணக்கில் 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய் வரையிலான கூலி எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதற்கு முன் 8,000தான் உச்சம்.

பட்டியல் கடைசி வார்த்தையும் அல்ல. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் ஒரு தீர்ப்பு தந்தார்கள். ஒடிசாவில் ஒரு திரையரங்கில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். பட்டியலைப் பார்த்தால் பகுதி ஊனம்தான். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியுமா, முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுபடவேண்டிய கடன், ஆணையர் உத்தரவுக்காகக் காத்திருக்க முதலாளிக்கு உரிமையில்லை என்றும் சொன்னது. ஒரு மாதம் தாண்டினால் அந்தச் சட்டப்படி 12 விழுக்காடு வட்டி, தகுந்த காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதம். கவ்வாத்து வெட்டவும் சி.டி.சி. ஓட்டவும் மட்டும் தெரிந்த ஒருவருக்கு வலக்கை போனால் அவர் எந்த வேலைக்குத் தகுதி? இந்தக் கேள்வியை நம் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை வைத்துக் கேட்க வேண்டும். பலர் 60 விழுக்காட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

அதையும் கேட்காமல், ஒரு தொகையைக் கையில் திணித்து வெற்றுத்தாளில் பெருவிரல் ரேகை வாங்குவதுதான் மலையில் நடக்கும் தீர்வு. பெருவிரல் மிஞ்சியிருந்தால். அப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. உடன்பாடு செய்துகொண்டாலும் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவு என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். எனவே கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று தலையில் கைவைக்க வேண்டாம்.

சட்டப்படி ‘பருவகாலம்’

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் விஷயம். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் விரல் போனால் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். சிகிச்சை இலவசம். குணமாகும்வரை சராசரிக் கூலியில் 90 விழுக்காடு. நிரந்தர ஊனம் என்றால் இழந்த திறனுக்கு ஏற்ப வாழ்நாள் முழுவதும் மாதப்பணம். நம் உதாரணத்து மனிதருக்கு, நான்கு விரல் இழப்புக்கு, மாதம் ஏறத்தாழ 5,400 ரூபாய், வேறு வேலை பார்த்தாலும் நிற்காது. விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது உயரவும் செய்யும்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு இது கிடையாது. ஏன்? 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் ‘பருவகாலத் தொழிற்சாலை’களை விலக்கியது. அந்தச் சொல்லுக்கு அதுவே தந்த விளக்கத்தில் பருத்தி அரைத்தல், கடலை உடைத்தல், காபி, அவுரி, அரக்கு, ரப்பர், சர்க்கரை இவற்றோடு தேயிலையும் இருந்தது. எத்தனை மாதம் ஓடுகிறது என்று தேயிலைத் தயாரிப்புக்குச் சட்டம் கேட்பதே இல்லை. அசாமில் குளிர்காலத்தில் பறிப்பு நிற்கும். நீலகிரியில் பன்னிரண்டு மாதமும் கொழுந்து வருகிறது, பன்னிரண்டு மாதமும் உருளை சுற்றுகிறது. ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு இது பருவகாலம். இந்தக் காப்பீட்டுக்கு அடித்தளமான அடார்க்கர் அறிக்கை 1944இல் வந்தபோது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்தது என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் திட்டம் அவருடைய மக்கள் திரளாக வேலை செய்யும் இந்தக் கட்டடங்களின் வாசலோடு நின்றுவிட்டது.

மிஞ்சியது 1923 சட்டம். அது ஒரே தவணைப் பணம். குணமாகும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதக்கூலியில் 25 விழுக்காடு, அதாவது மாதம் பாதிக் கூலி. மருத்துவச் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்பது 2009 திருத்தத்தில்தான் நுழைந்தது. காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. கொள்முதல் இலை பாக்டரி நட்டத்தில் மூடிக்கிடந்தால் உத்தரவுத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். எஸ்டேட் மருத்துவமனை இருக்கிறதே என்பார்கள். அதைத் தந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தும் கட்டடத்தைத் தோட்டம் என்ற சொல்லிலிருந்தே விலக்கி வைத்திருந்தது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தோட்ட முதலாளி விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று அதில் ஒரு கதவு திறந்திருக்கிறது. விரும்பினால்! பருவகாலத் தொழிற்சாலை என்ற விலக்கு அப்படியே இருக்கிறது. இதே நேரத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ ஆக முன்பு 10 பேர் போதும், இனி 20 பேர் வேண்டும். ஷிப்டுக்கு ஏழெட்டுப் பேரை வைத்து ஓட்டும் சிறிய பாக்டரிகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

கை போனால் வீடும் போகும்

லைன் வீடு வேலையோடு கட்டப்பட்டது. எஸ்டேட் பாக்டரியில் கையிழந்தவருக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தால் வீடு தங்கும். கொடுக்காவிட்டால் மனைவியின் செக்ரோல் பெயரில்தான் வீடு நிற்கும். அந்தப் பெண் அதற்குப் பிறகு காய்ச்சலுக்குக்கூட விடுப்பு எடுக்க மாட்டார். அதுவும் இல்லையென்றால் வெளியே. கூடலூரில் வெளியே என்றால் பெரும்பாலும் 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலம். பட்டா இல்லை, மின் இணைப்புக்கு வருடக்கணக்கில் அலைச்சல். கடைசியில் ரேஷன் கடை எந்திரமும் கைரேகை கேட்கும். கண் பதிவோ வீட்டார் ரேகையோ வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதற்கும் ஒருமுறை தாலுகா அலுவலகப் படி ஏற வேண்டும்.

டேன்டீயில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வலுவான பிடி உண்டு. 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கி, பிறகு கழகமான அரசு நிறுவனம் அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. செய்துவந்த வேலைக்கு முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை. வேறு வேலை இல்லாவிட்டால் வேலை கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். தனியார் பாக்டரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே மலை, ஒரே எந்திரம், கேட்டின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பொறுத்து ஒரு கையின் மதிப்பு மாறுகிறது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் வரும் விழுக்காடும் இழப்பீட்டுச் சட்ட விழுக்காடும் ஒன்றல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னது உடலின் ஊனத்தை அளக்கிறது, பின்னது சம்பாதிக்கும் திறனின் இழப்பை. அட்டையில் 40க்குக் குறைந்தால் பல அரசு உதவிகள் கிடைக்காது. ஆனால் அந்தக் குறைந்த எண்ணைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்க நிர்வாக வழக்கறிஞர் முயன்றால் விட்டுவிடக் கூடாது.

வழக்கு என்றால் பணம் வேண்டுமே என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலகத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் இலவசம். நாம் பேசும் மனிதர் இதில் குறைந்தது இரண்டு மூன்று வகையில் வருவார். உதகை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. ஜார்க்கண்ட் இளைஞருக்கு இந்தி தெரிந்த ஒருவர் கூடப் போனாலே பாதி வேலை முடிந்தது. அந்த ஒருவர் இந்த அவையிலிருக்கும் மாணவர்களில் யாராகவும் இருக்கலாம்.

புதிய தொகுப்புக்கு முன்னால் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும். அதன்படி விபத்து நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். தாண்டிவிட்டாலும், தகுந்த காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம். நிர்வாகம் நம்பவைத்து இழுத்தடித்தது, மொழி தெரியாதது, மருத்துவமனையில் கிடந்தது எல்லாம் எழுதக்கூடிய காரணங்களே. உங்கள் லைனில், உங்கள் தெருவில், சட்டைக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பவர் யாராவது இருந்தால் அவரிடம் நான்கு விஷயம் கேட்டு எழுதி வாருங்கள்: தேதி, எந்திரம், மருத்துவமனைச் சீட்டு, அன்றைய கூலி. மனுவுக்குப் படிவம் ‘எஃப்’. குன்னூரிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துக் கொடுக்கலாம். தமிழில் நிரப்பிய மாதிரி ஒன்றை மண்டப வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.